சனிக்கிழமைப் பண்டிகை

அந்த வருஷம் பண்டிகை செவ்வாய்க்கிழமை வந்தது. வந்தது அதன் தப்பா? சூரியனும் சந்திரனும் போகிற போக்கில் அது செவ்வாயில் விழும், வியாழனில் விழும், ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அதிர்ஷ்டம். ஆனால் கடல் தாண்டி வந்து குடியிருக்கிற நம்மவர்களுக்குப் பண்டிகை என்றால் சனிக்கிழமைதான். அதுவும் அதே வாரத்துச் சனிக்கிழமை என்று நினைத்துவிடாதீர்கள். ஹால் என்றைக்குக் கிடைக்கிறதோ, மேயர் என்றைக்கு ஓய்வாக இருக்கிறாரோ, அன்றைக்குப் பண்டிகை. அந்த வருஷம் அது இரண்டு வாரத்துக்கு மேலேயே தள்ளிப் போயிருந்தது. இதைக் கேட்டு ஒருவருக்கும் கோபம் வரவில்லை, கடுகு ஒருத்தியைத் தவிர.

கடுகு என்பது அவளுக்கு அவள் அப்பா வைத்த பட்டப்பெயர். ஆள் குள்ளம், ஒல்லி. ஆனால் எண்ணெய் காய்ந்தால் போதும், படபடவென்று வெடித்துவிடுவாள். கல்யாணம் முடிந்து இந்த நாட்டுக்கு விமானம் ஏறினபோது அந்தப் பெயரும் பெட்டியோடு பெட்டியாக வந்து சேர்ந்துவிட்டது. இங்கே உள்ள நம்மவர்களுக்கெல்லாம் அவள் கடுகக்கா. அவள் வீட்டுக்காரர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர், சாது. மனைவிக்குக் கோபம் வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற மாதிரி நின்றுவிடுவார். பத்து வருஷமாகக் குடும்பம் ஓடுவது அந்தக் குடையினால்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். மாடியில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யார் கண்ணை மூடினாலும், அந்தப் படுக்கை விரிப்பு கீழே இவர்களிடம்தான் வந்து சேரும். துவைத்துப் பிழிந்து ஈரமாக வருகிற விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அது காய்ந்து, இஸ்திரியாகி, மடிந்து விழும். முனையைக் கோணலாகக் கொடுத்தால் விரிப்பு சுருண்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். மெஷினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும், மேஸ்திரி முறைப்பார். கடுகு கொடுத்த விரிப்பு ஒருநாளும் சுற்றிக்கொண்டது இல்லை. அவளோடு மறுமுனையைப் பிடிப்பவள் வேறொரு தேசத்துக்காரி. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம்தான். அதை வைத்துக்கொண்டு மாமியார், மருந்து, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருந்தார்கள்.

இந்தப் பண்டிகை விவகாரம் ஏதோ ஒரே நாளில் முளைத்தது இல்லை. வருஷா வருஷம் அவள் வயிற்றில் புகைந்துகொண்டிருந்ததுதான்.

முதலாவது, அந்த ஹால். ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து மேடை போடுவார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று நீட்டி முழக்குவார்கள். பிள்ளைகளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, ஓடாதே, பேசாதே, அங்கே தொடாதே என்று அதட்டிக்கொண்டே இருப்பார்கள். சாப்பாட்டுக்கு டோக்கன். பண்டிகை அன்றைக்குச் சொந்தப் பிள்ளை கையில் டோக்கன் கொடுத்து வரிசையில் நிற்க வைக்கிற சனம் உலகத்தில் வேறெங்காவது உண்டா? கடுகுக்கு அந்த மேடையில் என்ன நடக்கும் என்று கூடத் தெரியாது. போய் இறங்கியதும் அவளைச் சமையல்கட்டுக்குள் தள்ளிவிடுவார்கள். "கடுகக்கா கை பட்டாத்தான் ருசி" என்று ஒரு ஐஸ் வேறு. அண்டாவுக்கும் கரண்டிக்கும் நடுவில் நின்று ஊருக்கெல்லாம் ஊற்றிப் போட்டுவிட்டு, கடைசியில் அடிப்பிடித்ததைத் தின்றுவிட்டு வருவாள். போன வருஷம் சிறப்புரை முடிவதற்குள் சின்னவன் நாற்காலியிலேயே தூங்கி, கீழே விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான்.

இரண்டாவது, அந்த போட்டோ. நிஜப் பண்டிகை நாள் வேலை நாளாகத்தானே வரும். அன்று விடிகிற நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, புதுத்துணியைக் கவரிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, விளக்குப் பக்கத்தில் நிற்க வைத்து நாலு போட்டோ எடுப்பார்கள். ஊரில் மாமியாருக்கும் அம்மாவுக்கும் அனுப்ப வேண்டுமே. "பேரப்பிள்ளைங்க பட்டுல ஜொலிக்குதுங்க" என்று அங்கிருந்து பதில் வந்துவிடும். உடனே புதுத்துணியைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் அதே கவரில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஹாலுக்குப் புதுசாகவே இருக்க வேண்டும் இல்லையா? பிள்ளைகள் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூல் பஸ் ஏறும். இது கடுகு வீட்டில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. நம்மவர்கள் வீடு அத்தனையிலும் இதே கதைதான். விசாரித்தால் ஆளாளுக்கு அசடு வழிவார்கள்.

அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின வாரம், மூத்தவளுக்குத் தலை பின்னிக்கொண்டே கடுகு சொன்னாள், அடுத்த செவ்வாய்க்கிழமை பண்டிகை என்று. மூத்தவளுக்கு ஆறு வயது. அவள் திரும்பிப் பார்க்காமலே அம்மாவைத் திருத்தினாள்.

"இல்லம்மா. செவ்வாய்க்கிழமை போட்டோ. சனிக்கிழமைதான் பண்டிகை."

பின்னல் பாதியில் நின்றது. கடுகுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. பிள்ளை மேல் இல்லை. பிள்ளை என்ன பொய்யா சொல்கிறாள்? அவள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு அந்த நாள் போட்டோ நாள்தான். அன்றைக்கு யாராவது அவளை நாள் முழுக்கப் புதுச்சட்டையில் விட்டார்களா, ஒரு இனிப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடவிட்டார்களா? இந்த வருஷம் ஆனது ஆகட்டும், என் பிள்ளைகளுக்குப் பண்டிகையைப் பண்டிகை அன்றைக்கே காட்டுகிறேன் என்று கடுகு அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, சனிக்கிழமைதான் இருக்கிறதே என்று வாயெடுத்தவர், அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதைப் பார்த்துக் குடையை விரித்துவிட்டார்.

மறுநாளே மேஸ்திரியிடம் போய் லீவு கேட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் அவரவர் பண்டிகைக்கு வருஷத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. நல்ல மனிதர்கள், சும்மா சொல்லக்கூடாது. மறுமுனை பிடிக்கிறவள் அவள் பண்டிகைக்கு அவள் நாளில் ஜம்மென்று லீவு எடுத்துக்கொண்டாள். ஆனால் கடுகு கேட்டதும் மேஸ்திரி நெற்றியைச் சுருக்கினார். பேசாமல் அவளை அறிவிப்புப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அங்கே பளபளவென்று ஒரு போஸ்டர். விளக்குப் படம் போட்டு, கொட்டை எழுத்தில், எங்கள் மக்களின் பண்டிகை இன்ன தேதி சனிக்கிழமை, அனைவரும் வருக என்று அச்சடித்து, கீழே நம் சங்கத்தின் பெயர். அதைப் பார்த்துத்தான் ஆபீஸில் லீவு நாளைக் குறித்திருக்கிறார்கள். உன் ஜனங்களே சனிக்கிழமை என்று சொல்லும்போது நீ செவ்வாய்க்கிழமை என்கிறாயே, நான் யாரை நம்புவது என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். சொந்த லீவு எடுக்கலாம் என்றால், இருந்ததையெல்லாம் சின்னவனுடைய காய்ச்சல் தின்றுவிட்டது. போகட்டும், அந்தச் சனிக்கிழமை லீவை எடுத்துக்கொள் என்றார் பெருந்தன்மையாக. சனிக்கிழமை அவளுக்கு ஏற்கெனவே வார லீவு. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று கூட அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு எரிந்தது.

மேஸ்திரியைக் குறை சொல்லி என்ன பயன்? நம் தலையில் மண்ணை அள்ளிப் போட்டவர் நம் ஆள்தானே. அன்று சாயங்காலமே சங்கத் தலைவருக்குப் போன் போட்டாள்.

தலைவர் ஒரு பல் டாக்டர். எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஒருவரையும் பேசவிடாமல் தான் மட்டும் பேசிக்கொண்டிருப்பது அவருக்குத் தொழிலிலேயே வந்த பழக்கம். சங்கத்துக்கும் அதே வைத்தியம்தான். கடுகு நடந்ததைச் சொல்லி, போஸ்டரில் சனிக்கிழமை விழா என்று போட்டிருக்கலாமே, பண்டிகையே அன்றைக்குத்தான் என்று ஏன் போட்டீர்கள், பண்டிகை எந்த நாள் என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை திருத்திச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். மேயர் வருகிறபோது, இது நிஜ நாள் இல்லை, சும்மா வசதிக்கு வைத்தது என்று சொன்னால் நமக்குத்தான் மதிப்பு இல்லை என்றார். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி மாற்றினால் குழப்பம் என்றார்.

"ஏம்மா, பண்டிகைங்கிறது மனசுல இருக்கணும். காலண்டர்ல என்ன இருக்கு? சின்னப் பிள்ளைங்களுக்குச் செவ்வாய் என்ன, சனி என்ன?"

"அப்ப உங்க வீட்லயும் அன்னைக்கு ஒண்ணும் கிடையாதா டாக்டர்?"

"ஒண்ணும் கிடையாதும்மா. எல்லாரோடயும் சேர்ந்து ஹால்லதான். தலைவரே தனியா கொண்டாடினா நல்லாவா இருக்கும்?"

இதற்கு மேல் அவள் என்ன பேச? மனிதர் தனக்கும் சேர்த்துத்தானே சொல்கிறார். போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவினாள். அன்றைக்குப் பாத்திரங்கள் பட்ட பாடு பாத்திரங்களுக்குத்தான் தெரியும்.

லீவு கிடைக்காவிட்டால் என்ன, காலை இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னாலேயே எழுந்தாள். முந்தின நாளே இனிப்புச் செய்து ஆற வைத்திருந்தாள். பிள்ளைகளைத் தலைக்குக் குளிப்பாட்டினாள். வீடு முழுக்க விளக்குப் போட்டாள். வீட்டுக்காரர் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, அது இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டு இறுக்கினார். ஊருக்கு போட்டோவும் போனது. அதற்குப் பிறகு மூத்தவள் பழக்க தோஷத்தில் கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள், கவுனைக் கழற்றுவதற்கு. கடுகு அந்தக் கைகளைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். கழற்ற வேண்டாம், இன்றைக்குப் பூரா இதுதான், ஸ்கூலுக்கும் இதுதான் என்றாள். பிள்ளை நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டினதும் ஒரு சுற்று சுற்றினாள் பாருங்கள், கவுன் குடையாக விரிந்தது. சின்னவனும் சுற்றித் தலை கிறுகிறுத்துச் சுவரில் முட்டிக்கொண்டான்.

அதோடு விடவில்லை கடுகு. மூத்தவளுடைய வகுப்புக்கென்று ஒரு டப்பா நிறைய இனிப்பு எடுத்து வைத்திருந்தாள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. வீட்டில் வாய் மூடாமல் பேசுகிற அந்தப் பிள்ளை, வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. டீச்சர் இரண்டு தரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். வீட்டில் உங்கள் பாஷையைக் குறைத்தால் என்ன என்று யோசனை வேறு. கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் சொந்த பாஷையும் போய்விட்டால் அந்தப் பிள்ளை எங்கேதான் பேசும்? இந்த டப்பாவோடு போய் வகுப்புக்கு முன்னால் நின்று, இன்று எங்கள் பண்டிகை, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதை இந்த ஊர் பாஷையில் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பிள்ளையே ஆசை ஆசையாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். வகுப்பில் தானாகப் பேசப் போகிறேன் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. கடுகுக்கு லீவு போனதெல்லாம் கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

வேலையில் அன்றைக்கு அவள் வாய் ஓயவில்லை. மறுமுனைக்காரிக்கு இனிப்புக் கொடுத்தாள், மேஸ்திரிக்கும் கொடுத்தாள். இன்றைக்குத்தான் பண்டிகை என்று அவரிடம் அழுத்திச் சொல்லிக் கொடுத்தாள். விரிப்பை இழுத்து உருளைக்குள் கொடுக்கும்போதெல்லாம், இந்நேரம் சொல்லியிருப்பாள், இந்நேரம் டப்பா காலியாகியிருக்கும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, சின்னவன் புதுச்சட்டையெல்லாம் பெயிண்ட்டாக ஓடி வந்தான். மூத்தவளைக் காணோம். வீட்டுக்காரர் கண்ணாலேயே உள்ளறையைக் காட்டினார். அங்கே பிள்ளை பழைய சட்டையை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் புதுக் கவுன். அதைக் கடையில் மடித்திருந்த மடிப்பு எங்கே எங்கே என்று விரலால் தடவித் தேடி, அதே மாதிரி மடித்து, கவருக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டப்பா. மூடி திறக்கவே இல்லை.

கடுகு பையைக் கூட இறக்காமல் கீழே உட்கார்ந்தாள். பிள்ளை அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி நிதானமாகச் சொன்னாள். அவள் முன்னால் போய் நின்று, சொல்ல வேண்டியதைச் சொன்னாளாம். டீச்சர் அன்பாகத்தான், இல்லை கண்ணு, உனக்குத் தேதி தப்பாகிவிட்டது, உங்கள் பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று சுவரிலிருந்த போஸ்டரைக் காட்டினாளாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். டீச்சரும் கொஞ்சம் சிரித்தாளாம். இன்றைக்குத்தான் என்று எங்கள் அம்மா சொன்னார்கள் என்று இவள் மறுபடியும் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கும் சில சமயம் தப்பு வரும், நிஜமான நாளில் இந்த டப்பாவைத் திறப்போம் என்று சொல்லி டீச்சர் அதைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டாளாம். பல் டாக்டருடைய பேரனும் அதே வகுப்புதான். அவனைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் அவன் அன்று காய்ச்சல் என்று வரவில்லையாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"நீ பொய் சொன்னியாம்மா?"

நம் பிள்ளை நம்மைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கடுகு வெடிக்கவில்லை. இல்லை என்று சொன்னாள். பிள்ளை தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. நம்பாததை மறைக்கிற அளவுக்கு ஆறு வயதுக்குச் சாமர்த்தியம் ஏது? ஒரு பக்கம் அச்சடித்த போஸ்டர், டீச்சர், முழு வகுப்பு, ஹால், மேடை, மைக். இன்னொரு பக்கம் அம்மாவின் வாய் வார்த்தை. யாரை நம்பும் பிள்ளை? மேஸ்திரி கேட்ட அதே கேள்விதான், ஆனால் இந்தத் தடவை கேட்பது பெற்ற பிள்ளை.

கவருக்குள் போன கவுனை உருவி எடுத்துப் பிள்ளைக்கு மறுபடியும் போட்டுவிட்டாள். டப்பாவை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எங்கே போகிறோம் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நான் இவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். இந்தத் தடவை மழை தன் பக்கம் அடிக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் வீடு பஸ்ஸில் இரண்டு நிறுத்தம். கடுகு நடந்தே போனாள், பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. போகிற வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் கோர்த்துக்கொண்டே போனாள். போஸ்டரில் பொய் அடித்தது யார்? ஒரு வரி, சின்ன எழுத்திலாவது, நிஜ நாள் இது என்று போட்டால் மேயர் வாசலோடு திரும்பிப் போய்விடுவாரா? உங்கள் வசதிக்கு நீங்கள் எந்த நாளில் வேண்டுமானாலும் ஆடிப் பாடுங்கள், நான் வேண்டாம் என்றேனா? அதற்காக என் நாளையே இல்லை என்று ஆக்கிவிடுவீர்களா? இப்படியே கேள்வி கேள்வியாகச் சேர்த்துக்கொண்டு அவர் வீட்டு முன்னால் போய் நின்றாள்.

கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. ஆண் செருப்பு, பெண் செருப்பு, பிள்ளைகள் செருப்பு. உள்ளே எண்ணெய்ச் சட்டி வாசனை, பேச்சுச் சத்தம், சிரிப்பு. கடுகு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி. புதுப் பட்டுப்புடவை, தலையில் பூ. அவருக்குப் பின்னால் கூடம் முழுக்க விளக்கு, சொந்தக்காரர்கள், தட்டுத் தட்டாகப் பலகாரம். நடுவில் பட்டு வேட்டியில் டாக்டர். கடுகைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "வாம்மா, உள்ள வா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் புருஷனைப் பார்த்தார்.

டாக்டர் எழுந்து வந்தார். மைக் இல்லாமல் அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று கடுகுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மா வீட்டளவில், பெரியவர்கள் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், விட முடியவில்லை, மனதுக்கு ஒரு திருப்தி என்று என்னென்னவோ பூசி மெழுகினார். வழியில் கோர்த்த கேள்வி அத்தனையையும் கடுகு ஒதுக்கி வைத்தாள். பிள்ளையைத் தோளில் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"நான் சண்டைக்கு வரலை டாக்டர். என் பொண்ணு இன்னைக்கு என்ன நாள்னு கேக்கறா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார். படித்த மனிதர், பதவியில் இருக்கிறவர், ஒரு குழந்தையிடம் இப்படியா மழுப்புவது? கடுகுக்குக் கை பரபரவென்று வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து அவருடைய பேரன் ஓடி வந்தான். புதுச்சட்டை, வாய் நிறைய இனிப்பு, கையில் இன்னொன்று. மூத்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்குக் காய்ச்சல்னு டீச்சர் சொன்னாங்க."

"காய்ச்சல் இல்ல. அப்படி சொல்லணும்னு தாத்தா சொன்னாரு" என்றான் பையன், மென்றுகொண்டே. "இன்னைக்குப் பண்டிகை இல்ல? அதான் வரல."

மூத்தவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தப் பிடியில் கடுகுக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் கோபம் இன்னும் கூடியது. தன் பேரனுக்குப் பண்டிகை எந்த நாள் என்று இவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த நாளைக் காய்ச்சல் என்று பொய் சொல்லியாவது வாங்கிக் கொடுக்கத் தெரிந்திருக்கிறது. ஊரார் பிள்ளைகளுக்குத்தான் செவ்வாய் என்ன, சனி என்ன.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். தப்பு நடந்துவிட்டதுதான், ஒத்துக்கொள்கிறேன், சனிக்கிழமை விழாவில் மேடையிலேயே விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மேயர் முன்னாலேயே சொல்கிறேன் என்றார்.

"என் பொண்ணு மேடையில தலைகுனியல டாக்டர். வகுப்புல குனிஞ்சா. அங்க வந்து சொல்லுங்க."

காலையில் கிளினிக் இருக்கிறது என்று அவர் ஆரம்பித்தார். அவர் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாளைக்கு வருவார்மா. நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். கடுகிடம் சொன்னாலும் புருஷனைப் பார்த்துத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் சங்கக் கூட்டம் எதிலும் அந்த அம்மா வாயைத் திறந்து கடுகு பார்த்ததில்லை. டாக்டர் தலையாட்டினார்.

அந்த அம்மா உள்ளே போய் ஒரு தட்டு நிறையப் பலகாரம் எடுத்து வந்து நீட்டினார். கடுகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாளைக்கு என் பிள்ளை டப்பாவை வகுப்பில் திறக்கட்டும், அதற்கப்புறம் உங்கள் வீட்டுப் பலகாரத்தைத் தின்கிறேன் என்று சொல்லிவிட்டாள். நாளைக்குத் திறந்தாலும் அது நாளைதானே, இன்று ஆகுமா? அந்த ஆத்திரம் அவளுக்கு அடங்கவே இல்லை.

கிளம்பும்போது மூத்தவள் மட்டும் படியில் நின்று டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, அத்தனை பேர் நிறைந்த கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"மணி அடிக்கிறதுக்குள்ள வந்துடணும் தாத்தா. லேட்டா வந்தா எங்க டீச்சர் உள்ள விட மாட்டாங்க."